எண்ணெய்க் கிணற்றின் அடியில் ஓடும் பம்பை மேலிருந்து அறிவது எப்படி?

சேலத்தில் கருவியியல் டிப்ளமோ முடித்துவிட்டு, ஓமலூர் அருகே தந்தையின் போர்வெல் மோட்டார் பட்டறையில் கைவேலையும் பழகிவரும் தம்பி ஒருவர், எண்ணெய் வயல் சேவை நிறுவனம் ஒன்றின் நேர்காணலுக்குத் தயாராகும் வேளையில் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் பக்கம் ஆயிரம் அடி போருக்குள் மோட்டாரை இறக்கினாலும், மேலே ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு டிரை ரன் ரிலே இருந்தால் போதும், தண்ணீர் அற்றதும் மோட்டார் தானாக நின்றுவிடுகிறது. அந்த ரிலே பார்ப்பது மின்னோட்டம் ஒன்றைத்தான். எண்ணெய்க் கிணற்றுக்கு மட்டும் சுமை அளக்கும் லோட் செல், சாய்வுமானி, டைனமோமீட்டர் கார்டு, எதிரொலிக் கருவி என்று இத்தனை ஏன் தேவைப்படுகின்றன, ஐயா?" வட குஜராத்தின் மெஹ்சானா வயல்களில் கருவிப் பிரிவில் வேலை பார்த்து, இப்போது சூரமங்கலத்தில் ஓய்வில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

உங்கள் ரிலே சரியாக வேலை செய்வதற்குக் காரணம், போரில் மோட்டாரும் பம்பும் ஒரே இடத்தில், ஒரே அச்சில் பிணைந்திருப்பதுதான். அது மையவிலக்கு பம்ப். தண்ணீர் குறைந்தால் இம்பெல்லருக்கு (பம்பின் சுழலும் சக்கரத்துக்கு) சுமை குறைகிறது, சுமை குறைந்தால் மின்னோட்டம் குறைகிறது, அதை மேலே இருக்கும் ரிலே உடனே காண்கிறது. எண்ணெய்க் கிணற்றிலும் இதே வகை நீர்மூழ்கி பம்ப் இறக்கப்பட்டிருந்தால் உங்கள் ரிலேயின் அடிப்படை அங்கும் பொருந்தும். அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் நிலத்தில் உள்ள எண்ணெய்க் கிணறுகளில் மிகப் பரவலாக இருப்பது சக்கர் ராட் பம்ப். அதில் மோட்டார் தரையில் நிற்கிறது, பம்ப் ஒன்றரைக் கிலோமீட்டர் கீழே இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே நீளும், அதிரும், உராயும் ஒரு மெல்லிய எஃகுத் தண்டுத் தொடர் தொங்குகிறது. அங்கே மோட்டார் உணர்வது பம்பை அல்ல. தண்டின் மேல் நுனியை மட்டுமே, அதுவும் கியர்பாக்ஸ், எதிர் எடை ஆகியவற்றைத் தாண்டி வரும் அளவில் மட்டுமே.

தரையில் மோட்டார் பெல்ட் வழியாக கியர்பாக்ஸைச் சுற்றுகிறது. தண்டின் எடையைச் சமன்செய்யும் எதிர் எடை மாட்டிய கியர்பாக்ஸின் கிராங்க், நீண்ட உத்தரம் ஒன்றை மேலும் கீழும் ஆட்டுகிறது. உத்தரத்தின் முனையில் இருக்கும் குதிரைத் தலையிலிருந்து கம்பிக் கயிறு இறங்கி, கேரியர் பார் எனப்படும் குறுக்குச் சட்டத்தைத் தாங்குகிறது. அந்தச் சட்டத்தில் பாலிஷ் ராட் தொங்குகிறது. அதற்குக் கீழே 25 அடி நீளத் தண்டுகள் ஒன்றோடொன்று திருகப்பட்டு அடிவரை போகின்றன. கடைசியில் பம்பின் உருளையான ஒரு பேரலும் அதற்குள் ஏறி இறங்கும் பிளஞ்சரும் இருக்கின்றன. பிளஞ்சரோடு நகர்வது டிராவலிங் வால்வு, பேரலின் அடியில் நிலையாக இருப்பது ஸ்டாண்டிங் வால்வு. பிளஞ்சர் ஏறும்போது மேல் வால்வு மூடி, டியூபிங்கில் (திரவம் மேலேறும் உட்குழாயில்) இருக்கும் திரவத் தூண் முழுவதையும் சுமக்கிறது. அதே நேரம் கீழ் வால்வு திறந்து புதுத் திரவம் பேரலுக்குள் வருகிறது. இறங்கும்போது கீழ் வால்வு மூடிக்கொள்ள, மேல் வால்வு திறந்து, சுமை தண்டிலிருந்து டியூபிங்குக்கு மாறுகிறது. ஒவ்வொரு அடிப்பிலும் (ஸ்ட்ரோக்) சுமை இப்படிக் கைமாறும் தருணங்கள்தான் இந்தத் துறையின் எல்லா அளவீட்டுக்கும் மூலம்.

எண்களை வைத்துப் பார்த்தால் சிக்கல் எங்கே என்பது புரியும். 1,500 மீட்டர் ஆழம், முக்கால் அங்குலத் தண்டு, ஒன்றே முக்கால் அங்குல பிளஞ்சர், 0.9 அடர்த்தியுள்ள திரவம், கேசிங்கில் (டியூபிங்கைச் சுற்றியுள்ள வெளிக்குழாயில்) திரவ மட்டம் பம்பை ஒட்டி இறங்கியிருக்கிறது என்று கொள்வோம். தண்டுத் தொடரின் எடை திரவத்தில் மூழ்கிய நிலையில் ஏறத்தாழ 3.2 டன். பிளஞ்சரின் பரப்பு 15.5 சதுர செ.மீ.; அதன்மேல் நிற்கும் திரவத்தின் சுமை ஏறத்தாழ 2.1 டன். ஆக, இறங்கும்போது 3.2 டன்னும் ஏறும்போது 5.3 டன்னும் பாலிஷ் ராடில் தெரிய வேண்டும். இயக்கத்தால் வரும் முடுக்கமும் உராய்வும் தனி. அந்த 2.1 டன் ஏறி இறங்குவதால் மட்டும் தண்டு அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நீண்டு சுருங்குகிறது. மேலே 86 அங்குலம், அதாவது 2.18 மீட்டர் அடிப்பு இருந்தால், பிளஞ்சர் உண்மையில் நகர்வது கிட்டத்தட்ட 1.6 மீட்டர்தான். ஓர் அடிப்புக்கு இரண்டரை லிட்டர். நிமிடத்துக்குப் பத்து அடிப்பு என்றால் நாளொன்றுக்கு 36 கன மீட்டர். மேலே உள்ள அடிப்பை வைத்துக் கணக்கிட்டவர் 48 கன மீட்டருக்கு மேல் எதிர்பார்த்துக்கொண்டு, பம்ப் தேய்ந்துவிட்டது என்று கிணற்றைப் பிரிக்கச் சொல்லுவார். போதாக்குறைக்கு, எஃகில் அலை நொடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர் வேகத்தில் செல்வதால், கீழே நடப்பது மேலே வந்து சேர 0.3 நொடி ஆகிறது. அதற்குள் தண்டின் மேல் நுனி வேறோர் இடத்துக்குப் போயிருக்கும்.

இனி மின்னோட்டத்துக்கு வருவோம். சக்கர் ராட் பம்பின் மோட்டாரில் மின்னோட்டம் ஒவ்வொரு அடிப்பிலும் இரு முறை உச்சம் தொடுகிறது: தண்டைத் தூக்கும்போது ஒன்று, எதிர் எடையைத் தூக்கும்போது மற்றொன்று. இவ்விரு உச்சங்களும் சமமாக இருந்தால் எதிர் எடை சரியாக வைக்கப்பட்டிருக்கிறது என்பது களத்தில் எல்லோரும் அறிந்த விதி. அந்த விதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எதிர் எடை மிகையாக இருக்கும் யூனிட்டில் (தரையில் ஆடும் இயந்திரத்தில்), அந்த எடை கீழே விழும் பாதி அடிப்பில் அதுவே மோட்டாரைத் தள்ளி ஜெனரேட்டராக்கிவிடும். அப்போது மின்சக்தி பின்னோக்கிப் பாய்கிறது. கிளாம்ப் மீட்டருக்குத் திசை தெரியாது. அது அதையும் ஓர் உச்சமாகவே காட்டும். எனவே சமநிலை பார்க்க மின்னோட்டத்தைவிட, குறியோடு காட்டும் வாட் அளவீடே நம்பத்தக்கது. திரவம் குறைந்ததைச் சராசரி மின்சக்தியை வைத்து ஊகிக்கும் மலிவான கட்டுப்படுத்திகள் உண்டு, ஆழம் குறைந்த எளிய கிணறுகளில் அவை ஓரளவு போதும். ஆனால் பம்ப் காலியாகிறதா, வால்வு ஒழுகுகிறதா, வாயு புகுந்திருக்கிறதா என்று அவற்றால் பிரித்துச் சொல்ல இயலாது.

அந்தப் பிரிவினையைச் செய்வதுதான் டைனமோமீட்டர் கார்டு. கிடை அச்சில் பாலிஷ் ராடின் இருப்பிடத்தையும் செங்குத்து அச்சில் அதன் சுமையையும் வைத்து ஓர் அடிப்பு முழுவதையும் வரைந்தால் மூடிய வளைவு ஒன்று கிடைக்கும். மேலே அளந்து வரைந்த கார்டு நெளிவுகளும் அலைகளும் நிரம்பி, பழகிய கண்ணுக்கும் சந்தேகம் தருவதாக இருக்கும். கில்பர்ட் என்பவர் 1936இல் பம்பின் அருகிலேயே சுமையைப் பதியும் டைனகிராஃப் கருவியைக் கிணற்றுக்குள் இறக்கி, அங்கே உண்மையான கார்டு எவ்வளவு எளிய வடிவில் இருக்கிறது என்று காட்டினார். ஆனால் ஒவ்வொரு கிணற்றிலும் தண்டை உருவிக் கருவியை இறக்குவது நடக்கிற காரியமல்ல. ஷெல் நிறுவனத்தில் இருந்த சாம் கிப்ஸ், தண்டுத் தொடரின் அதிர்வை அலைச் சமன்பாட்டால் விவரித்து 1963இல் கட்டுரை வெளியிட்டார். மேலே அளந்த சுமையையும் இருப்பிடத்தையும் அந்தச் சமன்பாட்டின் வழியே கீழே கொண்டுசென்று பம்பின் கார்டைக் கணித்தெடுக்கும் முறை அதே பத்தாண்டுக்குள் உருவாகிவிட்டது. அன்று பெரிய கணினி தேவைப்பட்ட அந்தக் கணக்கை இன்று கிணற்றருகே நிற்கும் சிறு பெட்டி ஒவ்வொரு அடிப்புக்கும் செய்கிறது. இத்துறையில் நடந்த மிகப் பெரிய மாற்றம் எது என்று கேட்டால், வயர்லெஸ்ஸையோ திரையில் ஓடும் வண்ணப் படங்களையோ சொல்லமாட்டேன். கிப்ஸின் கணக்கைத்தான் சொல்வேன்.

பம்பின் இந்தக் கீழ்க் கார்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நேர்காணலில் நிச்சயம் கேட்பார்கள். டியூபிங் அடியில் நங்கூரமிடப்பட்டு, பேரல் முழுவதும் திரவம் நிரம்பியிருந்தால் கார்டு கிட்டத்தட்ட செவ்வகம். நங்கூரம் இல்லாவிட்டால் டியூபிங்கும் நீண்டு சுருங்குவதால் செவ்வகம் சாய்ந்து இணைகரமாகிறது. பேரல் பாதிதான் நிரம்பியிருக்கிறது என்றால், பிளஞ்சர் இறங்கத் தொடங்கும்போது அதன் கீழே காலியிடம் இருப்பதால் மேல் வால்வு திறக்காது. சுமை தண்டிலேயே தங்கி, பிளஞ்சர் திரவத்தின் முகத்தில் போய் மோதும் கணத்தில் சட்டென விழும். கார்டின் வலது கீழ்மூலை வெட்டி எடுத்ததுபோல் காணாமல் போயிருக்கும். இதைத்தான் ஃப்ளூயிட் பவுண்ட் என்கிறோம். தண்டு முறிவதற்கும் டியூபிங் தேய்வதற்கும் கியர்பாக்ஸ் பழுதாவதற்கும் இது பெருங்காரணம். அதே மூலை செங்குத்தாக வெட்டுப்படாமல் மெல்ல வளைந்து இறங்கினால், பேரலில் இருப்பது வெற்றிடமல்ல, அமுங்கும் வாயு என்று பொருள். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது, ஏனெனில் மருந்து வேறு: முன்னதற்கு பம்பை நிறுத்தவோ மெதுவாக்கவோ வேண்டும், பின்னதில் கிணற்றில் திரவம் ஏராளமாக இருந்தும் பம்புக்குள் போகாமல் இருக்கலாம் என்பதால், பம்பின் வாயிலில் வாயுப் பிரிப்பானைச் சரிசெய்வதே வழி. வாயுவைப் பார்த்து 'திரவம் தீர்ந்தது' என்று நிறுத்திக்கொண்டே இருக்கும் கட்டுப்படுத்தி, நல்ல கிணற்றைப் பட்டினி போடுகிறது. மேல் விளிம்பு வட்டமாகக் குழைந்திருந்தால் டிராவலிங் வால்வோ பிளஞ்சரோ ஒழுகுகிறது. தண்டு அறுந்துவிட்டால் கார்டு மெலிந்து சுமைக் கோட்டின் கீழே தட்டையாகக் கிடக்கும்.

ஒழுகலைக் கார்டின் வடிவத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் வால்வுச் சோதனை செய்வதும் வழக்கம். மேல்நோக்கிய அடிப்பில் யூனிட்டைப் பிரேக் போட்டு நிறுத்தி, சுமையைப் பாருங்கள். அது மெல்லக் குறைந்துகொண்டே போனால் மேல் வால்வு அல்லது பிளஞ்சரில் ஒழுகல். கீழ்நோக்கிய அடிப்பில் நிறுத்தும்போது சுமை மெல்ல ஏறினால் ஸ்டாண்டிங் வால்வில் ஒழுகல். நம் எடுத்துக்காட்டுக் கிணற்றில் ஒன்று 5.3 டன்னையும் மற்றது 3.2 டன்னையும் ஒட்டி நிற்க வேண்டும். இரண்டுமே ஒரே பக்கமாக விலகியிருந்தால் கிணற்றைச் சந்தேகிக்கும் முன் லோட் செல்லைச் சந்தேகியுங்கள்.

இப்போது உங்கள் படிப்பின் பகுதிக்கு வருகிறேன். லோட் செல் என்பது நம் ஊர் எடைமேடைகளில் இருக்கும் அதே ஸ்ட்ரெயின் கேஜ் பாலம்தான்; உலோகம் சுமையால் சற்றே நெளிவதை மின்னழுத்தமாகக் காட்டும். முழுச் சுமைக்கு வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் செல்லுக்கு 10 வோல்ட் ஊட்டினால் நமக்குக் கிடைப்பது மொத்தம் 20 மில்லிவோல்ட். பக்கத்திலேயே அதிர்வெண் மாற்றி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்) ஓடும் இடத்தில் அதை மின் இரைச்சல், அதாவது சத்தம், கலக்காமல் கொண்டுவர உறையிட்ட கேபிளும் ஒழுங்கான எர்த்தும் வேண்டும். செல் கேரியர் பாருக்கும், பாலிஷ் ராடைப் பிடித்திருக்கும் ராட் கிளாம்புக்கும் இடையில் அமர்கிறது. கேரியர் பார் சமமாக இல்லாவிட்டால் சுமை ஒரு பக்கமாகச் சாய்ந்து அளவு பிழையாகும். அதற்காகவே கோள முகமுள்ள வாஷர் வைக்கிறார்கள். நிமிடத்துக்குப் பத்து அடிப்பு என்றால் கேபிள் நாளொன்றுக்கு 14,400 முறை வளைந்து நிமிர்கிறது. களத்தில் மிக அடிக்கடி சாவது செல் அல்ல, இந்தக் கேபிள்தான். வயர்லெஸ் செல்கள் வந்ததற்கு உண்மையான காரணமும் இதுவே. உத்தரத்தின் மேல் முதுகில் பொருத்தும் ஸ்ட்ரெயின் உணரியில் கேபிள் வளைவு குறைவு, கிணற்றைப் பிரிக்கும்போது கழற்றவும் வேண்டாம். ஆனால் காலை வெயில் உத்தரத்தில் பட்டதும் அதன் பூஜ்யம் நகர்ந்துவிடும் என்பதால், கட்டுப்படுத்தி அந்த நகர்வைத் தானே ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. துல்லியமான ஆய்வுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. நிறுத்தவும் ஓட்டவும் மட்டும் போதும்.

இருப்பிடத்தை அளக்க உத்தரத்தின் மேல் சாய்வுமானி வைக்கலாம், அல்லது கிராங்கிலும் மோட்டார் தண்டிலும் காந்தம் பொருத்தி, அது கடப்பதை உணரும் ஹால் உணரியால் எண்ணி, யூனிட்டின் வடிவக் கணக்கிலிருந்து பெறலாம். இரண்டாவது முறை கூடுதல் உழைப்புக் கேட்டாலும் சாய்வுமானியின் அதிர்வுச் சத்தம் அதில் இல்லை. எந்த முறையாக இருந்தாலும், சுமையும் இருப்பிடமும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சத்தத்தைக் குறைக்க லோட் செல் வழியில் மட்டும் ஒரு வடிகட்டியைப் போட்டு, அதனால் 50 மில்லிநொடி தாமதம் வந்தால் என்ன ஆகும்? நம் யூனிட்டில் பாலிஷ் ராடின் உச்ச வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.14 மீட்டர், 50 மில்லிநொடியில் அது 57 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். கார்டு ஒரு பக்கம் உப்பி, இல்லாத உராய்வும் இல்லாத வேலையும் அதில் தோன்றும். இதற்கு மேல் அலைச் சமன்பாட்டில் கொடுக்கும் தணிப்பு எண்ணும் (தண்டின் அதிர்வு உராய்வால் அடங்கும் அளவு) பொருந்த வேண்டும்: குறைத்துக் கொடுத்தால் கீழ்க் கார்டு பருக்கும், கூட்டிக் கொடுத்தால் இடுங்கி எட்டு வடிவில் முறுக்கிக்கொள்ளும்.

கேசிங்கில் திரவ மட்டம் எங்கே இருக்கிறது என்பதைக் கார்டு மறைமுகமாகத்தான் சொல்லும். நேராக அறிய எதிரொலிக் கருவி இருக்கிறது: கேசிங் வால்வில் ஒரு வாயுத் துப்பாக்கியை மாட்டி, அழுத்த அலையொன்றைக் கீழே விட்டு, அது திரவ முகத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறோம். வாயுவில் ஒலியின் வேகம் அதன் கலவையையும் வெப்பத்தையும் பொறுத்து மாறும். ஆனால் டியூபிங்கின் ஒவ்வோர் இணைப்பும் ஒரு சிறு எதிரொலியைத் தருவதால், அந்தச் சிறு துடிப்புகளை எண்ணி, சராசரிக் குழாய் நீளத்தால் பெருக்கினால் வேகம் தெரியாமலேயே ஆழம் கிடைத்துவிடும். தரையிலிருந்து பார்க்கும் அளவீடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. நுரை கலந்த கிணற்றில் மட்டும் எச்சரிக்கை தேவை: மட்டம் உயரமாகத் தெரியும், உள்ளே பாதி வாயுவாக இருக்கும்.

இத்தனை அளவீடும் கட்டுப்படுத்தியின் கையில் என்ன ஆகிறது? பம்ப்-ஆஃப் கட்டுப்படுத்தி ஒவ்வொரு கார்டிலும் பேரல் எத்தனை விழுக்காடு நிரம்பியது என்று பார்க்கிறது. குறித்த எல்லைக்குக் கீழே தொடர்ந்து சில அடிப்புகள் வந்தால் நிறுத்துகிறது. கிணற்றில் திரவம் ஊறக் காத்திருந்து மீண்டும் ஓட்டுகிறது. இந்தக் காத்திருப்பு நேரத்தை நிர்ணயிப்பதில்தான் பொறியாளரின் அனுபவம் தெரியும். நீளமாக வைத்தால் கேசிங்கில் மட்டம் உயர்ந்து, பாறையிலிருந்து வரும் ஊற்றை அதுவே அழுத்திக் குறைக்கும். மணல் வரும் கிணற்றில் நின்ற நேரத்தில் மணல் பிளஞ்சர் மேல் படிந்து இறுகிவிடும். உற்பத்திக்குப் பாதகமில்லாமல் எவ்வளவு குறைவாக நிறுத்த முடியுமோ அவ்வளவே நல்லது. வேகம் மாற்றும் டிரைவ் இருந்தால் நிறுத்தவே வேண்டாம், நிரம்பும் அளவுக்கேற்ப வேகத்தை இறக்கி ஏற்றலாம். மெஹ்சானாவின் கனத்த எண்ணெயில் இன்னொரு தொல்லை உண்டு: இறங்கும் அடிப்பில் தண்டு பிசுபிசுப்பால் மெதுவாக இறங்க, கேரியர் பார் அதை விட்டு முந்திக் கீழே போய்விடும், பிறகு மேலே திரும்பும்போது கிளாம்பில் மோதும். கார்டில் சுமை பூஜ்யத்தைத் தொடுவது இதன் அடையாளம். டிரைவைக் கொண்டு இறங்கும் பாதியை மட்டும் மெதுவாக்கினால் தீரும். ஆனால் எதிர் எடை தள்ளும்போது மோட்டார் திருப்பித் தரும் மின்சக்தியை டிரைவ் எங்கே கொட்டும் என்று முன்பே யோசித்து, பிரேக் மின்தடையோ மின்தொடருக்குத் திருப்பும் வகை டிரைவோ வைத்திருக்க வேண்டும்.

எச்சரிக்கை எல்லைகளை யூனிட்டின் பெயர்த்தகட்டைப் பார்த்தே இடுங்கள். சி-228டி-213-86 என்று இருந்தால், வழக்கமான அமைப்பு, கியர்பாக்ஸுக்கு 2,28,000 அங்குல-பவுண்டு முறுக்கு, கட்டுமானத்துக்கு 21,300 பவுண்டு சுமை, அதிகபட்ச அடிப்பு 86 அங்குலம்.

இனி, தள்ளிவைத்த நீர்மூழ்கி பம்ப். எண்ணெய்க் கிணற்றுக்கான மின் நீர்மூழ்கி பம்பை உருவாக்கிய அர்மாய்ஸ் அருட்டுனாஃப், 1930இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ரெடா நிறுவனத்தை நிலைப்படுத்தினார். உங்கள் பட்டறைப் பழக்கம் இங்கே நேராகப் பயன்படும்: அண்டர்லோடு, ஓவர்லோடு, கட்டச் சமமின்மை எல்லாம் ஒன்றே. வித்தியாசங்கள் இரண்டு. வாயு புகுந்தால் மின்னோட்டம் இறங்குவதோடு நில்லாமல் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தை அறியாமல் ரிலேயை இறுக்கிவைத்தால் பம்ப் நாள் முழுவதும் நின்று நின்று ஓடும். மோட்டார் நின்றதும் குழாயில் உள்ள திரவம் இறங்கி பம்பைப் பின்னோக்கிச் சுழற்றும். அந்தச் சுழற்சி அடங்கும் முன் திரும்ப ஓட்டினால் தண்டு முறியலாம். எனவே மறுதொடக்கத் தாமதம் கட்டாயம். கீழே பொருத்தும் உணரி, உள்வாய் அழுத்தம், மோட்டார் வெப்பம், அதிர்வு ஆகியவற்றைத் தனிக் கம்பியின்றி மின்கேபிளின் வழியாகவே அனுப்புகிறது; மேலே உள்ள கருவி அதை நட்சத்திரப் புள்ளியிலிருந்து (மூன்று கட்டங்களும் சேரும் இடத்திலிருந்து) பிரித்தெடுக்கிறது. கேபிளில் எர்த் பழுது வந்தால் முதலில் மறைவது இந்தச் சமிக்ஞைதான். திருகு வகை பம்புகளில் பார்க்க வேண்டியது முறுக்கு விசையும் வேகமும், அவ்வளவே.

இந்தியாவில் எண்ணெய்க் கிணற்றடி சட்டப்படி ஒரு சுரங்கம். 2017இன் எண்ணெய்ச் சுரங்க ஒழுங்குமுறைகளும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககமும் அங்கே பேசும். வாயு இருக்கக்கூடிய வளையத்துக்குள் வைக்கும் கருவிக்கு அதற்கேற்ற சான்று வேண்டும். தானாகத் திடீரென ஓடத் தொடங்கும் யூனிட்டின் எதிர் எடைகளுக்கு அருகே, பிரேக்கும் பூட்டும் போடாமல் எவரும் போகக் கூடாது; கட்டுப்படுத்தி பொருத்தும் நாளிலேயே எச்சரிக்கைப் பலகையும் வைக்கப்பட வேண்டும்.

சேலத்தில் எண்ணெய்க் கிணறு இல்லையே, எங்கே பழகுவது என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் ஊர் அடிபம்பில் பழகுங்கள். இந்தியா மார்க்-2 அடிபம்ப் இயக்கத்தால் முழுமையான சக்கர் ராட் பம்ப்: 12 மி.மீ. தண்டு, 63.5 மி.மீ. சிலிண்டர், பிளஞ்சர், இரண்டு வால்வுகள். ஊராட்சியின் அனுமதியோடு, கைப்பிடிச் சங்கிலிக்கும் தண்டுக்கும் இடையே ஒரு சிறு இழுவை லோட் செல்லையும் கைப்பிடியில் ஒரு சாய்வுமானியையும் பொருத்தி, இரண்டையும் ஒரே நேரக் குறியோடு பதிவு செய்யுங்கள். தண்ணீர் 30 மீட்டரில் இருந்தால் ஏறும் அடிப்பில் தண்ணீரின் சுமை ஏறத்தாழ 95 கிலோ கூடும். தண்டு நீள்வது ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் என்பதால், அலைச் சமன்பாடு எதுவும் இல்லாமலேயே மேல் கார்டும் கீழ்க் கார்டும் ஒன்றாகவே வரும். வாஷர் தேய்ந்த பம்பிலும், கோடையில் ஊற்றுக் குறைந்து காற்று இழுக்கும் பம்பிலும் அதே பதிவைச் செய்து, மூன்று கார்டுகளையும் நேர்காணலுக்கு எடுத்துச் செல்லுங்கள்.